காயத்தின் நேரமும் மருந்தின் நேரமும்: ஆபரேஷன் வலியைக் குறைக்க நானோ நார்களால் முடியுமா?

ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தவருக்கு முதல் சில மணி நேரம் பெரிதாக வலி தெரியாது. தையல் போடும்போதே சர்ஜன் அந்த இடத்தில் புப்பிவக்கெயின் என்ற மரப்பு மருந்தை ஊசியில் செலுத்தியிருப்பார். அது நான்கு மணி நேரமும் தாங்கலாம், எட்டு மணி நேரமும் தாங்கலாம். அப்புறம் வலி எழும்பும். மதியம் ஆபரேஷன் என்றால் வலி வருவது இரவில். பெரிய டாக்டர்கள் வீட்டுக்குப் போய்விட்ட நேரத்தில். அடுத்த இரண்டு மூன்று நாட்கள்தான் வலியின் உச்சம். ஆக, மருந்து தாங்குவது சில மணி நேரம், வலி தாங்க வேண்டியது 72 மணி நேரம். இந்த இடைவெளியை அடைக்கத்தான் உலகம் முழுக்க ஆய்வகங்களில் மருந்து கசியும் நானோ நார்களை நூற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது அந்த இடைவெளியை எப்படிச் சமாளிக்கிறோம்? பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள், அதற்கும் அடங்காவிட்டால் அபின் போல வேலை செய்யும் ஓபியாய்டு மருந்துகளான டிரமடால், மார்ஃபின். இவை எல்லாமே ரத்தம் வழியாக உடல் முழுக்கப் போகின்றன. வலி இருப்பது பத்து சென்டிமீட்டர் வெட்டில். மருந்தின் சுமையோ வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் மூளைக்கும். அமெரிக்காவில் 36,000-க்கும் மேற்பட்ட ஆபரேஷன் நோயாளிகளை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், அதற்கு முன் ஓபியாய்டு பழக்கமே இல்லாதவர்களில் சுமார் 6 சதவீதம் பேர் மூன்று மாதம் கழித்தும் அந்த மாத்திரைகளை வாங்கிக்கொண்டிருந்தார்கள். சின்ன ஆபரேஷனா பெரிய ஆபரேஷனா என்பதில் அதிக வித்தியாசம் இல்லை. அங்கே ஓபியாய்டு இல்லாத வலி நிவாரணத்துக்குக் கோடிக்கணக்கில் பணம் கொட்டப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நம் நாட்டின் சிக்கல் நேர் எதிரானது. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மார்ஃபினை வாங்குவதையும் வைத்திருப்பதையும் அவ்வளவு கடினமாக்கியது. பல மருத்துவமனைகள் அதை இருப்பில் வைப்பதையே நிறுத்திவிட்டன. 2014-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகும் பழக்கம் முழுவதுமாக மாறவில்லை. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்ற எண்ணமும் இங்கே அதிகம். ஆனால் வயிற்றில் வெட்டுப்பட்டவர் வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சிழுக்காமல், இருமாமல் இருந்தால் நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா வரலாம். எழுந்து நடக்காமல் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம். அடக்கப்படாத கடும் வலி சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும் நாள்பட்ட வலியாகவும் மாறுகிறது. வலியை அடக்குவது நோயாளிக்குச் செய்யும் சலுகை இல்லை, அது சிகிச்சையின் ஒரு பகுதி.

இன்னொரு பக்கம் சீழ். ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களில் 11 சதவீதம் பேருக்குத் தொற்று ஏற்படுகிறது என்று உலக சுகாதார அமைப்பு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொன்னது. கத்தி படுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போடுவது நல்ல பாதுகாப்புதான். ஆனால் வெட்டுப்பட்ட ஓரங்களில் நுண்ணிய ரத்தக்குழாய்களும் அறுபட்டிருக்கும். மருந்து மிக அவசியமாகத் தேவைப்படும் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு. மருந்தை அங்கேயே வைத்துவிட்டால் என்ன என்ற யோசனை இயல்பாகவே வருகிறது.

சரி, நானோ நார் என்றால் என்ன? தலைமுடியின் தடிமன் சுமார் 70,000 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இந்த நார்கள் 100 முதல் 1,000 நானோமீட்டர் வரை. கண்ணுக்குத் தனி நாராகத் தெரியாது. ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வெள்ளைத் துணி போலத்தான் தெரியும். இதைச் செய்யும் முறைக்கு எலக்ட்ரோஸ்பின்னிங் என்று பெயர், தமிழில் மின்நூற்பு என்கிறோம். பாலிமரை, அதாவது பிளாஸ்டிக் போல நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருளை, ஒரு கரைப்பானில் கரைத்து சிரிஞ்சில் நிரப்புவார்கள். ஊசிமுனைக்கும் எதிரே உள்ள உலோகத் தகட்டுக்கும் இடையே 10,000 முதல் 30,000 வோல்ட் வரை மின்னழுத்தம் கொடுப்பார்கள். முனையில் தொங்கும் துளி மின்விசையால் கூம்பாக நீண்டு, அதன் நுனியிலிருந்து மெல்லிய தாரையாகப் பீறிடும். தாரை நேராகப் போகாது. அதன் மேலுள்ள மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் சாட்டை போலச் சுழன்று சுழன்று நீளும், நீள நீள மெலியும். வழியிலேயே கரைப்பான் ஆவியாகிவிடும். தகட்டில் வந்து விழுவது உலர்ந்த நார். கரைசலில் மருந்தையும் கலந்திருந்தால் அது நாருக்குள்ளேயே சிறைப்பட்டு வரும்.

இது புதுக் கண்டுபிடிப்பு போலச் செய்திகளில் வருகிறது. அப்படி இல்லை. அமெரிக்காவின் ஜான் கூலி 1902-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1930-களில் அன்டன் ஃபார்மால்ஸ் ஜவுளி நூலுக்காக இதைச் செய்து பார்த்தார். அதே காலத்தில் சோவியத் விஞ்ஞானிகள் இந்த நார்களை வாயு முகமூடி வடிகட்டிகளில் பயன்படுத்தினார்கள். துளி ஏன் கூம்பாகிறது என்ற கணக்கை ஜெஃப்ரி டெய்லர் 1964-ல் போட்டுக் காட்டினார். அப்புறம் நீண்ட மௌனம். 1990-களில் ஓஹியோவிலுள்ள ஆக்ரன் பல்கலைக்கழகத்தில் டாரல் ரெனகரின் குழு இதை மீண்டும் கையிலெடுத்த பிறகுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. மின்நூற்பில் செய்த நாரிலிருந்து டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மெல்லக் கசிவதை 2002-ல் ஓர் ஆய்வுக் குழு காட்டியது. இன்றைய ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளுக்கு அது ஒரு தொடக்கப்புள்ளி.

மருத்துவர்களை இது ஈர்த்ததற்கு நல்ல காரணம் உண்டு. தோலுக்கு வலுக் கொடுக்கும் கொலாஜன் இழைகளும் ஏறக்குறைய இதே தடிமன்தான். ஆகவே ஆறுகிற காயத்தின் செல்கள் இந்தப் பின்னலைத் தங்கள் சொந்த இடமாக எடுத்துக்கொண்டு அதன்மேல் ஊர்ந்து பரவும். கசியும் நீரை அது உறிஞ்சும், காற்றுக்கும் வழிவிடும். நேரம் கடந்தால் உடலிலேயே கரைந்து போகும் பாலிமரில் செய்தால் வெளியே எடுக்கவும் வேண்டாம். பாலிலாக்டிக் கிளைகாலிக் அமிலம், சுருக்கமாக பி.எல்.ஜி.ஏ., இதில் மிகவும் பழக்கமானது. இதே குடும்பத்துப் பாலிமரால் ஆன விக்ரில் தையல் நூல் 1970-களிலிருந்து ஆபரேஷன் தியேட்டர்களில் இருக்கிறது. இரண்டு, இரண்டரை மாதத்தில் உடலில் கரைந்துவிடும். பொருள் பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டு அனுபவமே பதில்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500 நானோமீட்டர் தடிமனில் ஒரு கிராம் நார் நூற்றால் அதன் மொத்த நீளம் சுமார் 4,000 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை காஷ்மீரையும் தாண்டிவிடும். அந்த ஒரு கிராமின் பரப்பளவு ஆறு சதுர மீட்டருக்கும் மேல். கட்டுரைகளும் செய்திகளும் இந்தப் பெரிய பரப்பைத்தான் முதல் பெருமையாகச் சொல்லும். எனக்கோ முதல் சிக்கலே அதுதான் என்று படுகிறது.

காரணம் இது. பாலிமருக்குள் இருக்கும் மருந்து மூலக்கூறு ஊர்ந்து வெளியே வர ஆகும் நேரம், நாரின் தடிமனுடைய வர்க்கத்தைப் பொறுத்தது. 50 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள தையல் நூலோடு ஒப்பிட்டால் 500 நானோமீட்டர் நார் நூறு மடங்கு மெலிது. அப்படியென்றால் மருந்து பத்தாயிரம் மடங்கு வேகமாக வெளியேற முடியும். போதாக்குறைக்கு, நூற்கும்போது கரைப்பான் ஆவியாகும் அவசரத்தில் மருந்தில் ஒரு பங்கு நாரின் மேற்பரப்புக்கே வந்து ஒட்டிக்கொள்ளும். ஈரம் பட்ட சில மணி நேரத்தில் அது அப்படியே கழுவிக்கொண்டு போய்விடும். ஆய்வாளர்கள் இதை வெடிப்புக் கசிவு என்கிறார்கள். மருந்தைப் பல நாள் பிடித்து வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, பிடித்து வைக்கவே கடினமான ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

இதைச் சமாளிக்க வழிகள் இருக்கின்றன. நீரை அதிகம் உள்ளே விடாத பாலிமரைத் தேர்வு செய்யலாம். மருந்தைக் கரையாத வடிவத்தில் வைக்கலாம். மிகவும் பேசப்படும் வழி, ஊசிக்குள் இன்னொரு ஊசி வைத்து நூற்பது. உள் ஊசியில் மருந்து, வெளி ஊசியில் பாலிமர். வெளியே வரும் நாருக்கு உள்ளே மருந்துத் தண்டும் சுற்றிலும் மருந்தில்லாத ஓடும் இருக்கும். ஓட்டின் தடிமனை மாற்றிக் கசிவின் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். ஆய்வகத்தில் அழகாக வேலை செய்யும் முறை. ஆனால் இரண்டு கரைசல்களின் பிசுபிசுப்பும் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் ஓடு சில இடங்களில் மெலிந்து, சில இடங்களில் இல்லாமலே போய்விடும். 4,000 கிலோமீட்டர் நாரில் ஓர் இடம் விடாமல் ஓடு சீராக இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

எவ்வளவு நேரம் மருந்து கசிய வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். பல கட்டுரைகளில் இது தலைகீழாக வைக்கப்படுகிறது. எங்கள் நார் 14 நாள் மருந்து விட்டது, 30 நாள் விட்டது என்று, நாள் கூடக் கூட வெற்றி என்பது போல எழுதுகிறார்கள். காயத்துக்கு அப்படி ஒரு ஆசை கிடையாது. அதற்கென்று ஒரு கால ஒழுங்கு இருக்கிறது. முதல் நிமிடங்களில் ரத்தம் உறையும். அடுத்த சில நாட்கள் அழற்சி: வெள்ளணுக்கள் வந்து கிருமியையும் செத்த திசுவையும் அகற்றும். முதல் வாரத்திலிருந்து புதுத் திசுவும் ரத்தக்குழாய்களும் வளரும். அப்புறம் மாதக்கணக்கில் கொலாஜன் அடுக்கு மாற்றி அமைக்கப்படும். மூன்று மாதம் கழித்தும் தழும்பின் வலு பழைய தோலில் சுமார் 80 சதவீதம்தான். முழு வலு திரும்புவதே இல்லை.

இந்த ஒழுங்கில் ஒவ்வொரு மருந்துக்கும் வெவ்வேறு நேரம். கிருமி நுழைவது வெட்டு திறந்திருக்கும்போது. ஆகவே ஆன்டிபயாடிக் தொடக்கத்திலேயே பலமாகக் கொட்ட வேண்டும், கிருமியைக் கொல்லும் அளவுக்கு மேலேயே சில நாள் நிற்க வேண்டும், பிறகு சட்டென்று நின்றுவிட வேண்டும். வாரக்கணக்கில் துளித்துளியாகக் கசிந்துகொண்டே இருந்தால், கொல்ல முடியாத அளவில் மருந்தைப் பார்த்துப் பழகும் கிருமிகள் எதிர்ப்புச் சக்தி பெற்று வளரும். இருக்கிற ஆன்டிபயாடிக் எதிர்ப்புச் சிக்கல் போதாதென்று அதற்கு நாமே ஒரு நாற்றங்கால் போட்டுக் கொடுக்கக் கூடாது. மரப்பு மருந்துக்கு இதற்கு நேர் எதிரான கசிவு வேண்டும். தொடக்கத்தில் கொட்டவே கூடாது. ஒரே சீராக மூன்று நாள் வர வேண்டும். புப்பிவக்கெயின் மொத்தமாக ரத்தத்தில் ஏறினால் வலிப்பு வரும், இதயத் துடிப்பு தடுமாறும், இதயம் நின்றும் போகலாம். அப்படி ஆனால் முறிமருந்தாகக் கொடுக்கவே மயக்க மருந்து நிபுணர்கள் கொழுப்புக் கரைசல் பாட்டில் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பார்கள். புதுத் திசு வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளைச் சேர்த்தால் அவற்றின் நேரம் இரண்டாவது வாரத்தை ஒட்டி. வலியையும் கிருமியையும் ஒரே நார்த் துணி பார்த்துக்கொள்ளும் என்ற செய்தியைப் படிக்கும்போது இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்: ஒரே துணியிலிருந்து இரண்டு எதிரெதிர் வேகங்களில் மருந்து வருகிறதா, அல்லது இரண்டும் முதல் நாளே கொட்டிவிடுகிறதா?

அழற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீக்கம், சிவப்பு, வலி எல்லாம் அதிலிருந்து வருவதால் அதை அணைத்துவிட்டால் நல்லது என்று தோன்றும். ஆனால் அதுதான் காயத்தைச் சுத்தம் செய்கிறது. முழுதாக அணைத்தால் ஆறுவது தாமதமாகும். அணைக்காமலே விட்டாலும் தொல்லை உண்டு. அழற்சியுள்ள திசுவில் அமிலத்தன்மை கூடும். மரப்பு மருந்து நரம்புக்குள் நுழைய மின்னேற்றம் இல்லாத வடிவில் இருக்க வேண்டும். அமிலம் கூடினால் அந்த வடிவம் குறைந்துவிடும். மருந்து இருந்தும் மரத்துப் போகாது. அமெரிக்காவில் 2021-ல் அனுமதி பெற்ற சின்ரெலஃப் என்ற மருந்து இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றது. குழம்பு போன்ற ஒரு பாலிமரில் புப்பிவக்கெயினோடு சிறிதளவு மெலாக்சிகாம் என்ற, அழற்சியைக் குறைக்கும் மருந்தையும் சேர்த்து வெட்டுக்குள் விடுகிறார்கள். 72 மணி நேரம் வரை வலியைக் குறைத்ததாகப் பரிசோதனைகள் காட்டின. நானோ நார் ஆய்வாளர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மருந்தை எவ்வளவு நாள் பிடித்து வைக்கிறோம் என்பதோடு, அது விழும் திசு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்தார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, யாரும் அதிகம் பேசாத கணக்கு. பத்து சென்டிமீட்டர் வெட்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துணி வைப்பதாகக் கொள்வோம். 20 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிகிராம் எடை என்றால் துணியின் மொத்த எடை 100 மில்லிகிராம். அதில் ஐந்தில் ஒரு பங்கு மருந்து என்று தாராளமாக வைத்தாலும் கிடைப்பது 20 மில்லிகிராம். பெரியவர்களுக்குச் சாதாரண ஊசியிலேயே நூறு மில்லிகிராமுக்கு மேல் போடுகிறார்கள். பல நாள் தாங்க வேண்டிய மருந்துகளில் இருப்பது இருநூறு முந்நூறு மில்லிகிராம். துணியைப் பத்து மடங்கு தடிமனாக்கலாம், ஆனால் அப்போது வெட்டின் இரு ஓரங்களுக்கும் நடுவில் ஒரு சுவர் வைத்தது போலாகிவிடும். ஓரங்கள் ஒட்டினால்தானே காயம் ஆறும்? தைத்து மூடிய தோலின் மேல் துணியை வைக்கலாமே என்றால், மரப்பு மருந்து முழுத் தோலைத் தாண்டி எளிதாக உள்ளே போகாது. மருந்து நரம்பை ஒட்டியே கசிந்தால் குறைந்த அளவே போதும் என்ற பதில் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் அதை எலியிடம் காட்டினால் போதாது, மனிதரிடம் காட்ட வேண்டும்.

மருந்தை வெட்டுக்குள் வைப்பதில் இதற்கு முன் நடந்தவை நல்ல பாடங்கள். கொலாஜன் பஞ்சில் புப்பிவக்கெயின் ஏற்றிய சாராகால் 2020-ல் ஹெர்னியா ஆபரேஷனுக்கு அமெரிக்க அனுமதி பெற்றது. தலா 100 மில்லிகிராம் கொண்ட மூன்று பஞ்சுகளை உள்ளே வைக்கிறார்கள். பலன் 24 மணி நேரம் வரை. 300 மில்லிகிராம் வைத்தும் ஒரே நாள். எக்ஸ்பரெல் என்ற மருந்தின் கதை இன்னும் நீளம். கொழுப்புக் குமிழிகளுக்குள் புப்பிவக்கெயினை அடைத்துச் செய்தது. 2011-ல் அனுமதி பெற்று, மூன்று நாள் தாங்கும் என்ற நம்பிக்கையில் பெரும் விற்பனை கண்டது. 2021-ல் அனஸ்தீசியாலஜி ஆய்விதழில் வந்த தொகுப்பாய்வுகள், சாதாரண மலிவு புப்பிவக்கெயினைவிட நோயாளி உணரும் அளவுக்குப் பெரிய பலன் இதில் இல்லை என்றன. தயாரிப்பு நிறுவனமான பசிரா, அந்த இதழை நடத்தும் மருத்துவர் சங்கத்தின் மேல் அவதூறு வழக்கே போட்டது. 2022-ல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. விஞ்ஞானக் கருத்து வேறுபாட்டை நீதிமன்றத்தில் தீர்க்கப் பார்ப்பது தவறு என்பதே என் எண்ணம்.

ஆன்டிபயாடிக் பக்கம் கிடைத்த பாடம் இதைவிடக் கடுமையானது. ஜென்டாமைசின் ஏற்றிய கொலாஜன் பஞ்சைப் பல நாடுகளில் பல ஆண்டுகள் நம்பிக்கையோடு பயன்படுத்தி வந்தார்கள். பெருங்குடல் ஆபரேஷன் செய்த 602 நோயாளிகளிடம் அமெரிக்காவில் முறையாகச் சோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டபோது, பஞ்சு வைத்தவர்களில் 30 சதவீதம் பேருக்குத் தொற்று, வைக்காதவர்களில் 20.9 சதவீதம். தொற்றைத் தடுக்க வைத்த பொருள் தொற்றைக் கூட்டியிருக்கிறது. இதய ஆபரேஷனில் 1,502 பேரிடம் செய்த சோதனையில் பலனும் இல்லை, கெடுதலும் இல்லை. மருந்து சீக்கிரமே கரைந்து போய், பஞ்சு மட்டும் அந்நியப் பொருளாக உள்ளே தங்கிவிட்டதா என்ற சந்தேகம் எழுந்தது. வெடிப்புக் கசிவுள்ள நானோ நார் ஒன்றை மருந்து தீர்ந்த பிறகும் மாதக்கணக்கில் வெட்டுக்குள் விட்டுவைக்கப் போகிறவர்கள் இந்த முடிவைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

இத்தனை தடைகளுக்கு நடுவிலும் எனக்கு நம்பிக்கை தரும் வேலை ஒன்று உண்டு. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையும் எம்.ஐ.டி.யும் சேர்ந்த குழு ஒன்று 2012-ல், துணியை விட்டுவிட்டுத் தையல் நூலையே மின்நூற்பில் செய்தது. பி.எல்.ஜி.ஏ.வில் புப்பிவக்கெயின். ஆய்வகத்தில் 12 நாட்களில் மருந்து முழுக்க வெளியேறியது. எலிகளின் தோல் காயத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் மரப்பு நீடித்தது, காயங்களும் வழக்கம்போல ஆறின. இதன் அழகு என்னவென்றால், நூல் எப்படியும் உள்ளே போகத்தான் வேண்டும். புதிதாக ஒரு பொருளை வெட்டுக்குள் திணிக்க வேண்டியதில்லை. சர்ஜனின் கைப்பழக்கமும் மாறாது. சிக்கல் வலுவில். 14 நாளில் அந்த நூலில் மிஞ்சியது தொடக்க வலுவில் 12 சதவீதம். மருந்தைச் சேர்க்கச் சேர்க்க நூல் பலவீனமாகும் என்ற இந்த முடிச்சு எளிதில் அவிழ்வதில்லை. வெளித்தோலை மூட அது போதலாம். வயிற்றுச் சுவரைப் பிடித்து நிறுத்தப் போதாது. வலுவுக்கு ஒரு நூல், வலிக்கு ஒரு நூல் என்று சேர்த்துத் தைக்கலாம் என்று தோன்றுகிறது. கிருமிநாசினி பூசிய தையல் நூல் ஏற்கெனவே சந்தையில் இருக்கிறது, உலக சுகாதார அமைப்பும் அதைப் பரிந்துரைக்கிறது. ஆகவே மருந்துள்ள நூல் என்பது மருத்துவமனைக்கு அந்நியமான யோசனை இல்லை.

மருந்து சேர்க்காத மின்நூற்புப் பொருட்கள் ஏற்கெனவே சந்தைக்கு வந்துவிட்டன. ஆறாத புண்களுக்கான ரெஸ்ட்ராட்டா என்ற துணி, மூளையுறையை ஒட்டுப்போடும் சீனாவின் ரீடியூரா, கிழிந்த இதயத் தமனியை அடைக்கும் பப்பைரஸ் உறை ஸ்டென்ட் எல்லாம் இப்படி நூற்றவையே. இஸ்ரேலின் ஸ்பின்கேர் இன்னும் ஒரு படி மேலே போய், கையில் பிடிக்கும் கருவியால் தீக்காயத்தின் மேலேயே நேரடியாக நார் நூற்கிறது. மருந்து ஏற்றியவற்றில், வாய்ப்புண் நோய் ஒன்றுக்கான ஸ்டீராய்டு பட்டை மனிதப் பரிசோதனை வரை வந்திருக்கிறது. மற்றபடி பெரும்பாலானவை ஆய்வகத்தைத் தாண்டவில்லை.

ஏன் தாண்டவில்லை? மருந்தைச் சேர்த்த கணத்திலேயே அது வெறும் மருத்துவச் சாதனமாக இல்லாமல் மருந்தாகவும் ஆகிவிடுகிறது. அதற்கான சோதனைகள் நீளம், செலவு பல மடங்கு. தயாரிப்பிலும் தொல்லை. ஒற்றை ஊசியில் ஒரு மணி நேரம் நூற்றால் ஒரு கிராம் வருவதே அரிது. செக் நாட்டின் லிபெரெட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஊசியில்லா எந்திரங்கள் இதைப் பெரிய அளவில் செய்கின்றன, ஆனால் ஊசிக்குள் ஊசி வைக்கும் நுட்பத்தை அதில் செய்வது கடினம். பாலிமரைக் கரைக்கக் குளோரோஃபார்ம் போன்ற நச்சுக் கரைப்பான்கள் தேவைப்படுகின்றன. அவற்றின் மிச்சம் நாரில் தங்கக் கூடாது. கிருமிநீக்கம் அடுத்த தலைவலி. நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் 121 டிகிரியில் நார்கள் உருகி ஒட்டிக்கொள்ளும், காமா கதிர் பாலிமர் சங்கிலிகளை அறுத்துக் கசிவின் வேகத்தையே மாற்றிவிடும். பல கட்டுரைகள் கிருமிநீக்கத்துக்கு முன்பு எடுத்த கசிவு வரைபடத்தைப் போட்டு முடித்துக்கொள்கின்றன. நோயாளிக்குள் போகப் போவது கிருமிநீக்கத்துக்குப் பிந்தைய நார் அல்லவா?

அந்த வரைபடத்தையே கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். உப்புநீர் நிறைந்த குடுவையில் நாரைப் போட்டுக் குலுக்கி, வெளிவந்த மருந்தை அளக்கிறார்கள். தைத்து மூடிய வெட்டுக்குள் அவ்வளவு நீரும் இல்லை, குலுக்கலும் இல்லை. ஆனால் நொதிகள் இருக்கின்றன, நகரும் தசை இருக்கிறது. எலியின் காயமும் நம்முடையது போல் ஆறுவதில்லை. எலியின் தோல் தளர்வானது, அடியில் தோலை இழுக்கும் தசை ஒன்று உண்டு. ஆகவே காயம் பெரும்பாலும் சுருங்கியே மூடிக்கொள்கிறது. நமக்குப் புதுத் திசு வளர்ந்துதான் நிரம்ப வேண்டும். எலியில் இரண்டு மடங்கு வேகமாக ஆறியது என்ற தலைப்பை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு ஆள் இல்லாமல் இல்லை. தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தின் நானோ தொழில்நுட்ப மையம் பல ஆண்டுகளாகத் திசு வளர்ப்புக்கான மின்நூற்பு நார்களில் வேலை செய்கிறது. சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் கொலாஜனைக் காய மருந்துத் துணியாக்கும் ஆய்வுக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கே குறைவது அடுத்த படி: நார் செய்பவரும் சர்ஜனும் மயக்க மருந்து நிபுணரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எந்த ஆபரேஷனுக்கு, எத்தனை மணி நேரத்துக்கு, எவ்வளவு மருந்து என்று முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் நாரை நூற்பது. இன்று வேலை பெரும்பாலும் மறுபுறத்திலிருந்து நடக்கிறது. முதலில் நார், பிறகு அதற்கேற்ற காயத்தைத் தேடல்.

விலையும் பெரிய கேள்வி. நம் அரசு மருத்துவமனையில் ஒரு புப்பிவக்கெயின் பாட்டில் மலிவாகக் கிடைக்கிறது. அதைவிடப் பல மடங்கு விலையுள்ள துணி, ஒரு இரவு வலியையாவது மிச்சப்படுத்தினால்தான் வாங்குவதில் அர்த்தம் உண்டு. ஆகவே புதுப் பொருளை வெறும் துணியோடு ஒப்பிடும் சோதனைகள் எனக்குப் போதுமானவையாகத் தெரியவில்லை. நன்றாகப் போட்ட சாதாரண மரப்பு ஊசி, நேரம் தவறாத பாராசிட்டமால், இவற்றோடு ஒப்பிட்டு வென்று காட்ட வேண்டும். எக்ஸ்பரெல் தடுக்கி விழுந்த இடம் அதுதான்.

முதலில் எங்கே இது வெற்றி பெறும் என்று கேட்டால், தைத்து மூடிய வெட்டில் என்று சொல்ல மாட்டேன். தீக்காயத்துக்கோ பெரிய புண்ணுக்கோ ஒட்டுப்போட, தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுப்பார்கள். எடுத்த இடம், ஒட்டிய இடத்தைவிட அதிகம் வலிக்கும் என்று பல நோயாளிகள் சொல்வார்கள். நரம்பு நுனிகள் அத்தனையும் திறந்து கிடக்கும். அங்கே தைப்பது ஏதும் இல்லை, ஓரங்களை ஒட்டவைக்கும் கவலையும் இல்லை. பரப்பு பெரிது என்பதால் மெல்லிய துணியிலேயே தேவையான மருந்தை ஏற்றலாம். அதே காரணத்தால் ரத்தத்தில் ஏறும் அளவையும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கும். தோல் முளைத்து மூடப் பத்துப் பதினைந்து நாள் ஆகும், வலி கடுமையாக இருப்பது முதல் சில நாட்கள். கீழே புதுத் தோல் முளைக்க முளைக்க நார்த் துணி தானாகக் கழன்று வந்தால், ஒட்டிக் காய்ந்த டிரெஸ்ஸிங்கைப் பிய்த்தெடுக்கும் கொடுமையும் இருக்காது. ஒரே நோயாளியின் தொடையில் பாதிக்கு மருந்துள்ள துணி, பாதிக்கு வழக்கமான டிரெஸ்ஸிங் என்று வைத்து, இரண்டில் எது எவ்வளவு வலிக்கிறது என்று அவரையே கேட்கவும் முடியும். அந்தச் சோதனைக்குப் பெரிய பணமோ நூற்றுக்கணக்கான ஆட்களோ தேவையில்லை. தீக்காயப் பிரிவுள்ள ஒரு மருத்துவக் கல்லூரியும் பக்கத்தில் ஒரு மின்நூற்பு ஆய்வகமும் போதும்.